135-க்காகக் காத்திருக்கும் நண்பருக்கு

வணக்கம். பெண்டாக்ஸ் கே-1 கேமராவை வைத்துக்கொண்டு புது 135 மி.மீ. லென்ஸுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறீர்கள், வேறு பிராண்டுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். திருமண வேலைக்கு வேகமான ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் தயங்காமல் மாறுங்கள். உங்களைப் போல நிதானமாக முகங்களை எடுப்பவர் என்றால், கையால் ஃபோகஸ் செய்யும் பழைய பெண்டாக்ஸ்-எம் 135 எஃப்3.5 லென்ஸைத் தேடிப் பாருங்கள். லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பெண்டாக்ஸின் கே மவுண்ட் 1975-இல் வந்தது. அன்றைய லென்ஸும் உங்கள் கேமராவில் அப்படியே மாட்டும். என்னைப் போன்றவர்கள் இந்தப் பிராண்டை விடாததற்குக் காரணமே இதுதான்!

கேமரா மெனுவில் அபெர்ச்சர் வளையத்தை (லென்ஸில் ஒளி புகும் துளையை மாற்றும் வளையம்) அனுமதியுங்கள். எம் (மேனுவல்) மோடில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே அமைக்கும். லென்ஸின் குவியத் தூரத்தைக் கேமரா கேட்டால் 135 என்று கொடுக்க மறக்காதீர்கள், அப்போதுதான் உள்ளேயுள்ள அதிர்வுக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்யும். வாங்குமுன் லென்ஸின் கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.