விற்ற பழைய கணினி ராம் (நினைவகம்) வேலை செய்யவில்லை என்று வாங்கியவர் சொன்னால் என்ன செய்வது?

இணையத்தில் நீங்கள் விற்ற 8 ஜிபி டிடிஆர்4 ராமைப் போட்டதும் கணினி இயங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாங்கியவர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்த எடுப்பிலேயே அவரைச் சந்தேகிக்க வேண்டாம். காசு கொடுத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பதற்றம் நியாயமானது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமின் பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, அதை மட்டும் வேறொரு ஸ்லாட்டில் பூட்டு ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தி, அதை வீடியோ எடுத்து அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள். நான் பார்த்த புகார்களில் பல இங்கேயே தீர்ந்திருக்கின்றன. கணினி இயங்கியும் இடையிடையே நின்றால், ராமைப் பரிசோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ஓட்டச் சொல்லுங்கள்; அதில் பிழை காட்டினால் அதற்குமேல் வாதிடாதீர்கள்.

3200 வேகம் என்று விற்ற ராம் 2133 அல்லது 2400 என்றே காட்டுகிறது என்பது வேறு வகைப் புகார். கணினியின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காததே பெரும்பாலும் அதற்குக் காரணம். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

உண்மையிலேயே பழுது என்றால், ராமைத் திரும்பப் பெற்று, விற்கும்முன் எடுத்த படத்திலுள்ள வரிசை எண்ணோடு ஒப்பிட்டு, அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். ‘பழைய பொருள், பொறுப்பேற்க முடியாது’ என்று தட்டிக்கழிப்பது சரியல்ல. விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவே சொல்கிறது.