தையலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

கேள்வி: எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பிறந்த நாளிலிருந்து நடப்பதையெல்லாம் முகநூலில் தொடராக எழுதி வருகிறேன். நிறையப் பேர் படிக்கிறார்கள். மாமியாரோ, "பச்சைப்பிள்ளையை ஊருக்குக் காட்டாதே" என்கிறார். ஒரு தாய் உண்மையை எழுதினால் ஏன் எல்லாருக்கும் உறுத்துகிறது? தொடரின் நான்கு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். வெளியிடுவீர்களா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: உங்கள் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். பிள்ளையின் முழுப்பெயர் முதல் பத்தியிலேயே இருக்கிறது. பிறந்த தேதி, நேரம், மருத்துவமனை, மலத்தின் நிறம் நாள்வாரியாக, எல்லாம் இருக்கின்றன. உங்கள் பிரசவத் தையலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மாமியாருக்குக் கண்ணேறு கவலை, எனக்கு இந்தக் கவலை.

பெற்ற உடம்பு உங்களுடையது; அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை நீளலாம் என்பது தலைப்பிரசவக்காரிகள் பலருக்கு வாங்கி வைத்த நாப்கின் தீர்ந்தபிறகுதான் தெரிகிறது. சிசேரியன் ஆனவர் இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் தையலில் இழுக்கும் வலி குறையும். இதையெல்லாம் எழுதலாமே!

இரண்டாம் அத்தியாயத்தில் "பால் பத்தலை என்றார்கள், அழுதேன்" என்று முடித்துவிட்டீர்கள். படிப்பவளுக்கு அதற்குமேல்தான் தேவை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மறுபடி மறுபடி கேட்பதாலேயே பால் குறைவு என்று ஆகாது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவதும் இயல்புதான், பத்து சதவீதத்தைத் தாண்டாதவரை. ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை உதவாது.

காம்பு வெடிப்பைத் தாய்மையின் தியாகமாக வருணித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பிள்ளையின் வாயை வைத்த விதத்தில் வரும் கோளாறு. காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். சுற்றியுள்ள கரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், மோவாய் மார்பைத் தொட வேண்டும். வலித்தால் பிடித்து இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள். மார்பு சிவந்து கெட்டிப்பட்டுக் காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் பொங்கும் அழுகை பலருக்கும் வரும். இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அது சிகிச்சை வேண்டிய நோய். அந்த எண்ணம் வந்த அன்றே உதவி கேட்க வேண்டும், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் தொடரில் இந்த எண்ணாவது இருந்திருக்கலாம்.

இனி பிள்ளையின் பங்கு. இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல் என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். உங்கள் முதல் பத்தி அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. குளிப்பாட்டும் படம் எவர் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது, போனபின் திரும்பப் பெறவும் முடியாது. கைபேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பரிசோதனை முடிவை உங்கள் குடும்ப மருத்துவரைத் தவிர யாரும் அறிய வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்துச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தோடு கூகுளையும் பார்ப்பார்கள்.

பிரான்சில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் படத்துரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கூட்டுப் பொறுப்பு. இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால், ஒருவர் மற்றவரைக் கேட்காமல் படம் வெளியிடுவதை நீதிபதி தடுக்கலாம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டால் என்ன, உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அவர் எங்கும் காணவில்லை.

நான்காம் அத்தியாயத்தின் பால்மாவுப் புகழ்ச்சி இலவசமாக வந்த டப்பாவுக்குக் கைம்மாறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கான பால்மாவையும் பால் புட்டியையும் யாரும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'யாரும்' என்பதில் தாய்மார்களும் அடக்கம், பத்திரிகை ஆசிரியர்களும் அடக்கம். அந்தப் பத்தி வராது.

பெயர், தேதி, மருத்துவமனை, படம், பரிசோதனை முடிவு ஐந்தையும் நீக்கிவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தை உங்கள் உடம்பிலிருந்து தொடங்கித் திருத்தி எழுதி அனுப்புங்கள். படித்துப் பார்க்கிறேன்.