புதிய மருத்துவக் கல்லூரியில் சேரலாமா? எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நீட் மதிப்பெண் கைக்கு வந்த பின்னரும் எந்தக் கல்லூரியில் இடம் என்று தெரியாமல் காத்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஐந்தும் கேரள, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. வீடு ஒரு மாநிலத்திலும் பள்ளிக்கூடம் மறு மாநிலத்திலுமாக வாழ்வது இவ்வூர்களில் இயல்பு. சேர்க்கை விதிகளோ அந்த இயல்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆகவே சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: நாங்கள் வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டக் குடும்பம். நானும் என் மனைவியும் இங்கேயே பிறந்தவர்கள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். மகள் பத்தாம் வகுப்பு வரை இங்கே தமிழ் வழியில் படித்து, மேல்நிலை இரண்டாண்டுகளைக் கம்பத்தில் முடித்தாள். கேரளத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம். தமிழ்நாட்டிலும் விண்ணப்பித்து வைக்கலாமா? நாங்கள் பட்டியல் சாதியினர்.
(தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியாறு)

பதில்: முதலில், கேரளத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தது மிக நல்ல காரியம். கேரள நுழைவுத் தேர்வு ஆணையரிடம் 'கீம்' விண்ணப்பத்தை நீட் தேர்வு நடப்பதற்கு முன்பே, ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கொடுக்க வேண்டும் என்பதையும், நீட் எழுதியிருந்தாலும் அந்த விண்ணப்பம் இல்லாதவருக்கு மாநில ஒதுக்கீட்டில் இடமில்லை என்பதையும் அறியாமல், முடிவு வந்த பிறகு ஓடிவருகிற எல்லையோரக் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. தமிழ்நாட்டில் நீட் முடிவுக்குப் பிறகே விண்ணப்பம் பெறுவதால், அங்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு விதியின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுவதையும் தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் 'நேட்டிவிட்டி' எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. அதில் ஒரு பகுதியையேனும் வெளிமாநிலத்தில் படித்தவர்கள் அந்தச் சான்றிதழோடு, தாய் அல்லது தந்தை தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் படிப்புச் சான்று, குடும்ப அட்டை போன்றவற்றையும் இணைக்க வேண்டும். கம்பத்தில் படித்த இரண்டாண்டுகள் உங்கள் மகளுக்கு இந்த உரிமையைத் தராது. தாத்தாவின் ஊரும் தராது. விதி கேட்பது பெற்றோருடைய சான்றுகளை. நீங்கள் இருவரும் கேரளத்தில் பிறந்து கேரளத்திலேயே வாழ்கிறவர்கள் என்பதால், உங்கள் மகளுடைய மாநிலம் கேரளம்தான். உறவினர் முகவரியைக் காட்டித் தமிழ்நாட்டிலும் உரிமை கோரலாம் என்று யாரேனும் சொன்னால் அதற்குச் செவிசாய்க்க வேண்டாம். இரு மாநிலங்களில் ஒரே நேரத்தில் பிறப்பிடம் கோரியது தெரியவந்தால் கையில் உள்ள இடமும் பறிபோகும்.

கேரளத்தில் உங்களுக்குள்ள உண்மையான சிக்கல் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகளை வகுத்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே அங்கே குடியேறியிருந்த குடும்பங்களின் வழிவந்தவர்களைத்தான் கேரள வருவாய்த்துறை அம்மாநிலப் பட்டியல் சாதியினராக ஏற்கிறது. மலையில் மூன்று, நான்கு தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள்கூட இதை மெய்ப்பிக்க முடியாமல் தவிக்கின்றன. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் சேர்க்கைக்கான நாள்கள் நம் வாதம் முடியும்வரை நிற்கா. தாத்தாவின் பெயர் இருக்கக்கூடிய தோட்ட நிர்வாகத்தின் பழைய பணிப்பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களைத் திரட்டிக்கொண்டு, பட்டியல் வெளிவரும்வரை காத்திராமல் இப்போதே தாசில்தாரைப் பாருங்கள். சான்று கிடைத்துவிட்டால் உங்கள் மகளுக்கு நல்ல வழி திறக்கும். பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் கீழ் 2014இல் பாலக்காட்டில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடங்களில் பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கே உரியது. அதை விருப்பப் பட்டியலில் மேலே வையுங்கள்.

கேள்வி: என் மகன் ஆந்திரத்தில் உள்ள குப்பம் ஊரின் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரையும், பிறகு வாணியம்பாடியில் அரசுப் பள்ளியிலும் படித்தான். தமிழ்நாட்டின் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?
(ஒரு தந்தை, குப்பம்)

பதில்: கிடைக்காது. 2020இல் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துப் பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. நீங்கள் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று சான்று பெற முடிந்தால், மகன் பொதுத் தரவரிசையில் தன் வகுப்புக்குரிய இடஒதுக்கீட்டோடு போட்டியிடலாம். ஆந்திரத்திலோ, தகுதித் தேர்வோடு, அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோடு, முடியும் நான்கு ஆண்டுகளைத் தொடர்ந்து அங்கே படித்தவரே உள்ளூர் மாணவர் என்று கொள்ளப்படுகிறார். அந்த நான்கு ஆண்டுகளும் உங்கள் மகன் வாணியம்பாடியில் இருந்திருக்கிறான்.

கேள்வி: என் மதிப்பெண்ணுக்குப் புதிய கல்லூரிகளில்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். திருவள்ளூர் எனக்கு அருகில் இருக்கிறது. ஆனால் புதிய கல்லூரியில் பேராசிரியர்கள் இருக்கமாட்டார்கள், பட்டத்துக்கு மதிப்பு இருக்காது என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். நகரியில் உள்ள உறவினர்கள் ஆந்திரத்தின் புதிய கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள்.
(மாணவி, பள்ளிப்பட்டு)

பதில்: பட்டத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. அந்தப் பதினொன்றில் மொத்தம் 1,450 இடங்கள். அங்கே படிப்பவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பவரும் எழுதுவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரே வினாத்தாள். பெறுவது ஒரே பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம். மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யும்போதும், முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதும்போதும் கல்லூரியின் வயதை யாரும் கேட்பதில்லை.

பேராசிரியர்களைப் பற்றிய கேள்வி நியாயமானது. புதிய கல்லூரிக்குத் தொடக்கத்தில் அனுமதிக் கடிதம் மட்டுமே கொடுக்கப்படும். முதல் அணி மாணவர்கள் இறுதித் தேர்வை நெருங்கும்வரை ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு, அதன் பிறகே முழு அங்கீகாரம் வரும். இந்த ஏற்பாட்டில் இடறல் நேர்ந்த வரலாறும் உண்டு. நம் எல்லையிலேயே, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் 50 இடங்களோடு தொடங்கி, போதிய வசதிகள் இல்லையென்று அனுமதி நின்றுபோய், 2022இல்தான் 100 இடங்களோடு மீண்டும் அனுமதி பெற்றது. ஆனால் அந்த மாணவர்களின் படிப்பு பாழாகவில்லை. அவர்கள் வேறு அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டுப் படிப்பைத் தொடர்ந்தார்கள். கல்லூரி தொடங்கத் தேவைச் சான்றிதழ் வழங்கும்போதே, கல்லூரி நடக்காமல் போனால் மாணவர்களுக்குப் பொறுப்பேற்பதாக மாநில அரசு உறுதி கொடுக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் அந்த உறுதி இன்னும் வலுவானது.

என்னைக் கேட்டால், கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட மருத்துவமனையைப் பார்க்க வேண்டும் என்பேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 100 இடங்களுள்ள கல்லூரிக்கு 420 படுக்கைகளும், 150 இடங்களுக்கு 605 படுக்கைகளும் தேவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையாக ஏற்கெனவே நடந்துவந்ததைச் சார்ந்து தொடங்கிய கல்லூரி என்றால் அங்கே நோயாளிகள் நிச்சயமாக இருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள். புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம், பிரசவங்கள் அங்கேயே நடக்கின்றனவா அல்லது சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்களா, விபத்தில் அடிபட்டு வருபவருக்கு இரவில் அறுவை செய்ய மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்பவற்றைச் செவிலியர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் பணிவாகக் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களைச் சந்திக்க முடிந்தால், உடற்கூறியலில் உடல் அறுத்துப் பயிலும்போது ஒரு மேசையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். மூத்த கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் நிறைந்திருப்பதால் இளநிலை மாணவர் பல வேளைகளில் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்க நேரும். புதிய கல்லூரியில் அந்த நெருக்கடி குறைவு. கைபோட்டுக் கற்கும் வாய்ப்பு முன்னதாகவே வரும். அதே வேளையில், சந்தேகம் கேட்க மூத்தோர் குறைவு, நூலகமும் விடுதியும் முழுமையாக அமைய ஆண்டுகள் ஆகும் என்பதும் மெய்யே. விடுதி இல்லாத குறையைப் பள்ளிப்பட்டிலிருந்து திருவள்ளூருக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வந்து ஈடுசெய்யலாம் என்று எண்ண வேண்டாம்; முதலாண்டின் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் அதற்கு நேரம் தரமாட்டா.

ஆந்திரத்தைப் பொறுத்தவரை, விஜயநகரம், ராஜமகேந்திரவரம், ஏலூரு, மச்சிலிப்பட்டணம், நந்தியாலா ஆகிய ஐந்து ஊர்களில் 2023இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஆந்திர மாநில ஒதுக்கீட்டில் உங்களுக்கு உள்ளூர் உரிமை கிடையாது. ஆனால் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டில் நாட்டின் எந்த மாணவரும் இக்கல்லூரிகளைக் கேட்கலாம். அதற்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: இக்கல்லூரிகள் தொடங்கியபோதே சுயநிதி இடங்களும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களும் வகுக்கப்பட்டன. அரசுக் கல்லூரி என்ற பெயரைக் கண்டு எல்லா இடங்களுக்கும் குறைந்த கட்டணம்தான் என்று உறவினர்கள் சொன்னால் நம்பிவிடாமல், கேட்கும் இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு முதல் சுற்றில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. அவன் மனம் திருநெல்வேலியில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம் என்கிறார் என் மைத்துனர்.
(ஒரு தந்தை, செங்கோட்டை)

பதில்: விட்டுவிடாதீர்கள். கையிலிருக்கும் அரசு மருத்துவ இடத்தைக் கைவிட்டு, வரக்கூடும் என்ற இடத்துக்காகக் காத்திருப்பது எந்த வகையிலும் தேவையற்றது. கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அடுத்த சுற்றில் மேம்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. அந்த விருப்பத்தைச் சேரும்போதே தெரிவிக்க வேண்டும் என்பதால், ஒதுக்கீட்டு ஆணையையும் இவ்வாண்டுத் தகவல் தொகுப்பேட்டையும் வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அடுத்த சுற்றுக்கான விருப்பப் பட்டியலில் விருதுநகரைவிட உங்கள் மகன் உண்மையிலேயே உயர்வாக மதிக்கும் கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். ஏனெனில் மேம்பாட்டில் புதிய இடம் ஒதுக்கப்பட்ட நொடியிலேயே பழைய இடம் தானாக ரத்தாகி அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பி வர இயலாது. பலர் 'கிடைக்கக்கூடியது' என்று தாங்களே கணித்து அதை முதலில் எழுதுகிறார்கள். ஒதுக்கீடு தரவரிசைப்படி நடக்கிறது. மாணவரின் முறை வரும்போது அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடம் கொடுக்கப்படுகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைநழுவாது.

தென்காசி மாவட்டத்தில் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால், உங்கள் பகுதி மாணவர் எங்கே சேர்ந்தாலும் வெளியூர்தான். விருதுநகர் உங்களுக்கு அந்நியமான ஊருமன்று. செங்கோட்டையில் ரயிலேறினால் ராஜபாளையம், சிவகாசி வழியாக நேரே போய்விடலாம். திருநெல்வேலி 1965இல் தொடங்கிய மூத்த கல்லூரி என்பதும் பெரிய மருத்துவமனை உடையது என்பதும் உண்மை; உங்கள் மகன் அதை விரும்புவதில் பிழையில்லை. கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் அவன் இழந்தது ஒன்றுமில்லை என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

கேள்வி: மகள் இரண்டாம் முறையாகத் தேர்வெழுதி மாநில ஒதுக்கீட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். சாப்பிடுவதில்லை, இரவெல்லாம் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கிடையே ஒருவர் முன்பணம் கொடுத்தால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.
(ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)

பதில்: அம்மா, அந்த மனிதருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் மத்தியக் கலந்தாய்வுக் குழுவின் ஒதுக்கீட்டின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. தரகர் எவராலும் இடம் வாங்கித் தர முடியாது. உங்கள் மகளின் தரவரிசைக்கு அங்கே இடம் கிடைக்குமானால், நீங்களே பதிவு செய்து பெறலாம். அதற்குரிய முன்வைப்புத் தொகை 2 லட்சம் ரூபாய், ஆண்டுக் கட்டணம் அதைவிடப் பன்மடங்கு. வீட்டை அடகு வைக்கும் நிலை வருமா என்பதைச் சுற்று தொடங்குமுன் நீங்களும் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு மகளின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது மிகக் கடினம்.

மகளைப் பற்றி எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முடிவு எந்த நாளில் வரும் என்று அறிவித்திருக்கிறார்களோ, அந்த நாளில் நீங்களே இணையதளத்தைப் பார்த்துச் சொல்வதாக அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இடையில் சான்றிதழ்களை அடுக்கும் வேலையை அவளோடு சேர்ந்து செய்யுங்கள்; செய்ய ஒரு வேலை இருந்தால் காத்திருப்பின் பாரம் குறையும். தொலைபேசியில் உறவினர் யாரேனும் மதிப்பெண்ணை விசாரித்தால், பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளிடம் கைப்பேசியை நீட்டாதீர்கள். பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு ஆகியவற்றுக்கு அவளுக்கே விருப்பம் இருந்தால் அவற்றின் விண்ணப்ப நாள்களையும் தவறவிடாதீர்கள். மூன்றாம் முறை எழுதுவதைப் பற்றிய பேச்சை இந்த மாதம் யாரும் எடுக்க வேண்டாம்.

அவள் சாப்பிடாமலும் உறங்காமலும் இருப்பது தொடர்ந்தால் அதைத் தேர்வுப் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. கேரளத்தின் 'திஷா' உதவி எண் 1056இலும், மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416இலும் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 14416இல் தமிழிலும் பேச வழியுண்டு. தமிழ்நாட்டில் உள்ளவர்கள் 104ஐ அழைக்கலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு அவளிடம் கொடுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இந்தப் பகுதியை மட்டும் தனிக் கடிதமாகவும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம்.