தங்க இடம் இலவசம் என்கிறார்கள், போகலாமா?

கேள்வி: கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியாரோடு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். கணவர் கொழும்பில் ஹோட்டலில் சமையல் செய்தவர். ஹப்புத்தளைக்கு மேலே ஒருவர் தன் பழைய பங்களாவைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நாங்கள் அங்கேயே தங்கி, கணவர் சமையலும் நான் துப்புரவும் பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 45,000 ரூபாய், அறையும் சாப்பாடும் இலவசம் என்கிறார். மகள் அடுத்த ஜனவரியில் தரம் ஒன்றுக்குப் போக வேண்டும். "அப்பு வேலைக்குப் போகவா உன்னைப் படிக்கவைத்தேன்" என்று என் அம்மா கோபப்படுகிறார். போகலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கோபம் எனக்குத் தெரிந்த கோபம். என் அப்பா ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையலும் பரிமாறலும் பார்க்கும் வேலையாளாக, இருந்தவர். குசினிக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் காம்பராவில்தான் நாங்கள் வளர்ந்தோம். கதவுக்கு மேலே ஒரு மணி இருந்தது. அப்பா சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்து அது அடிக்கும். எழுந்து கை கழுவி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார். அம்மா அவர் தட்டை இன்னொரு தட்டால் மூடி அடுப்போரம் வைப்பார். சில ராத்திரிகளில் அந்தத் தட்டு மூன்று தடவை மூடித் திறக்கும். அப்பாவின் வேலையில் ஒரு கேவலமும் இல்லை, நல்ல சமையல்காரர் அவர். அந்த மணிக்கு நேரம் காலம் இல்லாமல் போனதுதான் எங்களை வாட்டியது.

இப்போது மணிக்குப் பதில் வாட்ஸ்அப். பனிமூட்டத்தில் வழி தவறி ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்து இறங்கும், சூடாக ஏதாவது வேண்டும் என்பார்கள். அதே ஆட்கள் லிப்டன் சீட் என்ற மலையுச்சியில் சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நாலரைக்கே கிளம்புவார்கள், கையில் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே குடியிருந்தால் "வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லவே முடியாது. அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது, கிழமையில் எந்த நாள் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு, அன்றைக்கு யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் சீசனில் கூட ஆள் போடுவாரா என்றும் கேளுங்கள். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் ஊருக்கு வர வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பங்களா நிரம்பி வழியும்.

சம்பளக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. 2026 ஜனவரியில் இருந்து ஒருவருக்கான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நீங்கள் இரண்டு பேர், 60,000 வருகிறது. அறையும் சாப்பாடும் அதற்கு மேலே என்று பேசுங்கள். "புருஷன் பெண்சாதிதானே" என்று ஒரே உறையில் போட்டுக் கொடுப்பது பழைய பழக்கம், அதில் எப்போதும் பெண்ணின் உழைப்புத்தான் காணாமல் போகும். உங்களுக்குத் தனி நியமனக் கடிதம், தனி ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வேண்டும். 30,000க்கு உங்களிடம் 8 வீதம், அதாவது 2,400 முதலாளி பிடிப்பார். அவர் பங்கு 12 வீதம், 3,600. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900, அதுவும் அவர் கட்ட வேண்டியது. கடிதத்தில் 'வீட்டு வேலையாள்' என்று எழுதவிடாதீர்கள். வீட்டு வேலை செய்பவர்களை ஈ.பி.எஃப். சட்டம் சேர்ப்பதில்லை. ஆட்களைத் தங்கவைத்துப் பணம் வாங்குகிற இடத்தில் நீங்கள் விடுதிப் பணியாளர்கள், அப்படியே எழுதித் தரட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை ஹட்டன் தொழில் அலுவலகத்தில் ஒரு தடவை காட்டுங்கள்.

அப்புறம் அந்த அறை. படத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். நல்ல மழை நாளாகப் பார்த்துப் போங்கள். கூரை ஒழுகுகிறதா, ஜன்னல் திறக்கிறதா, உங்களுக்கென்று தனிக் கக்கூசும் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவும் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர் தாங்காமல் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் படுக்காதீர்கள். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பிள்ளை படுக்கிற அறை, கெஞ்சிக் கேட்கிறேன். பின்பக்கத்து மண்மேட்டையும் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே குடியேற வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனம் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று அங்கத்தைய கிராம சேவகரிடம் கேட்டால் தெரியும்.

மகள் விஷயத்தில் ஒன்று. தமிழ்ப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பீர்கள், சரி. யார் கொண்டுபோய் விடுவது? பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில்தான் விருந்தினர் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். கணவர் அடுப்பில், நீங்கள் மேசையில் நிற்பீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போக ஒரு த்ரீவீலர் ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள், மாதக் கூலி யார் கொடுப்பது என்பதையும் பேசி முடியுங்கள்.

மாமியாரின் காம்பராவை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். வேலை போகிற அன்றைக்கே பங்களா அறையும் போய்விடும். அப்படி ஒரு நிலை வந்தால் வீட்டைக் காலிசெய்ய ஒரு மாதமாவது தவணை வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முகவரி இல்லாமல் நம் ஆட்கள் பட்ட பாடு போதும்.

இதையெல்லாம் அவர் எழுதித் தந்தால் போங்கள். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஆட்கள் குறைவான ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வேண்டாம், சமையல் தெரிந்தவருக்கு வேறு இடம் கிடைக்கும்.

அறையைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, புகை எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் அவர் கண்ணில்தான் படும்.