ஜோடி ஒன்று, பாஸ்போர்ட் இரண்டு

வாசகர் கேள்வி – பதில்

மகள் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டாள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள இந்திய வம்சாவளியினர் போன்றோருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறது. மருமகன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். தை மாதம் கைக்குழந்தையோடு திருவனந்தபுரத்தில் இறங்கி ஊருக்கு வருகிறார்கள். இமிகிரேஷனில் மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்க விடுவார்களா?
– வாசகி, வள்ளியூர்

கல்யாணம் ஒன்றானாலும் கவுண்டர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான். ஆனாலும் உங்கள் மகள் குடும்பத்துக்குப் பெரிய சிக்கல் வராது. நம் விமான நிலையங்களில் ஓசிஐக்காரர்களை எந்தக் கவுண்டருக்கு அனுப்புவது என்பது இடத்துக்கு இடம், சில நேரம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும். ஓசிஐக்கென்று தனிப் பலகை இருந்தால் அங்கே போகலாம். இல்லாவிட்டால் வரிசையின் தலைப்பில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு நிற்பது நல்லது. அரை மணி நேரம் நின்ற பிறகு “அந்தப் பக்கம் போங்க” என்று திருப்பி விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

குழந்தையின் பாஸ்போர்ட் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் என்றால், அம்மாவின் ஓசிஐ அட்டை குழந்தைக்குச் செல்லாது. மூன்று மாதக் குழந்தையானாலும் தனி ஓசிஐயோ விசாவோ வேண்டும். ஓசிஐ வர நாளாகும் என்று பலர் குழந்தைக்கு மட்டும் இ-விசா எடுத்து வருகிறார்கள். அப்படி வந்தால் ஒரே குடும்பத்தில் மூன்று வகை ஆகிவிடும்: இந்தியர், ஓசிஐ, இ-விசா. இ-விசாக்காரர்களைப் பல இடங்களில் தனிக் கவுண்டருக்கு அனுப்புவார்கள். அந்த வரிசை மெதுவாகத்தான் நகரும். போதாததற்கு, 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகள் இந்தியாவுக்குள் வர இ-அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பலாம். குழந்தைக்கும் அதை மறக்காமல் முடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக் கலந்து வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். யாருடைய காகிதத்தைச் சரிபார்க்க அதிக நேரம் ஆகுமோ, அவருடைய வரிசையில் எல்லோரும் நிற்பதுதான் வம்பில்லாத வழி. வெளிநாட்டவர் கவுண்டருக்குக் குடும்பத்தோடு வரும் இந்தியரை ‘நீ ஏன் இங்கே வந்தாய்’ என்று விரட்டுவது அபூர்வம். இந்தியர் வரிசைக்கு இ-விசாக்காரரை அழைத்துப் போனால் திருப்பி அனுப்பப்படுவது சகஜம். பிரிந்து நின்றால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றினால், பிரிவதற்கு முன்பே அவரவர் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், வள்ளியூர் விலாசம், உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் போட்டு மாப்பிள்ளை கையில் வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மகளும் மருமகனும் அடிக்கடி வருகிறவர்கள் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. ‘ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன் – நம்பகப் பயணி’ திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஏழு நிலையங்களும், செப்டம்பரில் திருவனந்தபுரம், திருச்சி உட்பட ஐந்து நிலையங்களும் சேர்ந்தன. இந்தியர், ஓசிஐ இருவருக்குமே இது பொருந்தும் என்பதால் இந்த ஜோடிக்கு நன்றாக உதவும். உள்துறை அமைச்சக இணையதளத்தில் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கைரேகையும் முகப்படமும் நேரில் கொடுத்தால் ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவரைதான். இந்தத் திட்டத்தின் இ-கேட்டில் (தானியங்கி வாயில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். இடுப்பில் குழந்தையோடு போக முயல வேண்டாம். கைக்குழந்தையோடு வரும்போது சாதாரணக் கவுண்டர்தான் சரி.

ஓசிஐ அட்டையை மட்டும் காட்டினால் போதுமா? பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?
– வாசகர், நாங்குநேரி

ஓசிஐ என்பது பாஸ்போர்ட் இல்லை. நடப்பு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் சேர்ந்துதான் செல்லும். ஓசிஐயில் பழைய பாஸ்போர்ட் எண் அச்சாகியிருந்தாலும் அந்தப் பழையதைக் கொண்டுவர வேண்டியதில்லை என்று 2021-லேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். விமான நிறுவனக் கவுண்டரில் சிலருக்கு இன்னும் இது தெரியாது. பெட்டியில் இடம் இருந்தால் பழையதையும் போட்டு வாருங்கள். ஓசிஐயை ஊரில் பீரோவில் வைத்துவிட்டு வெளிநாடு போனவர் திரும்பி வரும்போது, அங்கேயே விமானத்தில் ஏற விடமாட்டார்கள். நம் இமிகிரேஷன் வரை வந்து விளக்கம் சொல்லும் வாய்ப்பே கிடைக்காது.

எனக்குக் கடையநல்லூர். கல்யாணம் முடித்திருப்பது சிங்கப்பூர்க் குடிமகளை. முதல் முறையாக இருவரும் சேர்ந்து சாங்கி போகிறோம். அவள் மெஷினில் போய்விடுவாள், நான் என்ன செய்ய?
– வாசகர், கடையநல்லூர்

நீங்களும் மெஷினில் போகலாம். 2024 மே மாதத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளும் சாங்கியின் தானியங்கி வாயில்களைப் பயன்படுத்தலாம். ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். முன்பதிவு தேவையில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. எத்தனை நாள் தங்கலாம் என்கிற இ-பாஸ் மின்னஞ்சலில் வரும். அதனால் எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூரின் ஆன்லைன் வருகைப் படிவம்) நிரப்பும்போது மின்னஞ்சல் முகவரியை ஒரு எழுத்து பிசகாமல் அடியுங்கள். அந்தக் கார்டை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. அரைவல் கார்டை விசா என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியாக வேண்டும். மனைவி அந்த நாட்டுக்காரி என்பதால் அது தானாக வந்துவிடாது.

கவனிக்க வேண்டியது யார் முதலில் போவது என்பதை. பெரும்பாலானோர் உள்ளூர்ப் பாஸ்போர்ட்காரரை முன்னால் அனுப்பிவிடுகிறார்கள். அவர் வாயிலைத் தாண்டிய பிறகு உங்கள் வாயில் திறக்காமல் “அதிகாரியிடம் போங்கள்” என்று காட்டினால், அவரால் திரும்பி வர முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைகாட்டத்தான் முடியும். நீங்கள் முதலில் போங்கள், மனைவி பின்னால் நிற்கட்டும். உங்களை நிறுத்தினால் அவர் கூடவே வந்து விலாசமும் திருமணச் சான்றும் காட்டலாம். எந்த நாட்டு விமான நிலையத்துக்கும் இது பொருந்தும்.

மகன் பெர்லினில் பொறியாளர், மருமகள் ஜெர்மன்காரி. மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட். ‘ஈயூ’ என்று எழுதிய வரிசையில் மருமகளோடு அவனும் நிற்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தம் சொந்த நாடு அல்லாத இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது, கூட வரும் கணவனோ மனைவியோ எந்த நாட்டுக்காரரானாலும் அந்த வரிசையில் நிற்க உரிமை உண்டு. இருவரும் பாரிஸில் இறங்கினால் சட்டம் உங்கள் மகன் பக்கம். நேராக ஜெர்மனியில் இறங்கினால், மருமகள் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவர் ஆகிவிடுகிறார். அங்கே எழுத்துப்படி அந்த உரிமை பொருந்தாது. ஜோடியாக நிற்பவர்களைப் பல அதிகாரிகள் விட்டுவிடுவார்கள், ஆனால் அதை உரிமை என்று வாதாடக் கூடாது. வரிசை மாறினாலும் சோதனை மாறாது; ‘ஈயூ’ வரிசையிலும் மகனின் அனுமதிக் காகிதத்தைப் பார்க்கத்தான் செய்வார்கள்.

2025 அக்டோபர் 12-ல் ஐரோப்பாவில் தொடங்கிய இஇஎஸ் (நுழைவு-வெளியேற்றப்) பதிவு முறையில் வெளிநாட்டவரின் முகப்படமும் வருகை-புறப்பாடு விவரமும் கணினியில் ஏறும். உங்கள் மகனுக்கு ஜெர்மன் வசிப்பு அட்டை இருப்பதால் இந்தப் பதிவு கிடையாது. ஆனால் அட்டையைக் கையில் எடுத்து முதலிலேயே நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) பார்க்கப் போனால் உங்களுக்குப் பதிவு உண்டு. விசாவுக்குக் கொடுத்த கைரேகையையே பொருத்திப் பார்ப்பார்கள், முகப்படம் மட்டும் புதிதாக எடுப்பார்கள். முதல் முறை கொஞ்சம் நேரம் பிடிக்கும். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்று டிக்கெட் போடாதீர்கள்.

மகன் அமெரிக்கக் குடிமகன், மருமகள் கிரீன் கார்டு. எங்கள் இருவருக்கும் சுற்றுலா விசா. நாலு பேரும் சேர்ந்து போகிறோம். யார் எந்த வரிசையில் நிற்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

மகனும் மருமகளும் ஒரே வரிசைதான். குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் அங்கே சேர்ந்தே நிற்பார்கள். உங்கள் இருவருக்கும் பார்வையாளர் வரிசை. மகன் உங்கள் கூட வந்து நிற்கட்டும். அவர் வரிசைக்கு உங்களைக் கூட்டிப் போவதானால் முதலில் அங்கே நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும். மகனிடம் குளோபல் என்ட்ரி (முன்பே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்கான விரைவு நுழைவு வசதி) இருந்தாலும் அது அவர் ஒருவருக்குத்தான்.

அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிகிரேஷன் அபுதாபியிலேயே முடிந்துவிடும். அங்கே 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிறுத்தத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மகனின் விலாசத்தையும் போன் எண்ணையும் காகிதத்தில் எழுதி உங்கள் பையில் வையுங்கள். சோதனைக் கூடத்தில் போனை எடுக்க விடமாட்டார்கள். கொண்டுபோகும் தின்பண்டம் எதுவானாலும் ‘உணவு இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சொன்னாலும் அதை அனுமதிக்கமாட்டார்கள்.

பிரிட்டிஷ் பெண்ணைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். ஓசிஐ எடுத்துவிட்டால் இந்த வரிசைத் தொல்லை தீருமா?
– வாசகர், திசையன்விளை

தீரும், ஆனால் இப்போதே கிடைக்காது. திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். தாலி கட்டிய நாளை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, பதிவே செய்யாமல் விட்டவர்கள் அதிகம். மனைவி இந்து அல்ல என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் பதிய முடியாது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் பதிய வேண்டும். ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைப் பதிவதானால் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் இங்கே இருந்துகொண்டு ஓசிஐக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கல்யாணத்தின் பேரில் ஓசிஐ வாங்கியவர் புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம் மூன்று மாதத்துக்குள் அதன் நகல், புகைப்படம், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழி மூன்றையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

சென்னையில் இறங்கித் தூத்துக்குடிக்கு மாறுகிறோம். இமிகிரேஷன் வாகைக்குளத்திலா (தூத்துக்குடி விமான நிலையம்)?
– வாசகர், சங்கரன்கோவில்

சென்னையிலேயே. இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம் அங்கே முடித்துப் பெட்டியை மறுபடி உள்நாட்டு முனையத்தில் போட வேண்டும். கூட வருகிறவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி வேண்டாம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம்; வெளிநாட்டிலிருந்து 30 கிலோவோடு வந்தவர் மீதிக்குக் காசு கட்ட வேண்டும்.