மாமியார் சொன்னதும் சரிதான்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டுக்கு 12,000 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கலாம் என்றிருக்கிறோம், ஐயா. கரண்ட் செலவு குறையும் என்கிறார் கணவர். சீக்கிரம் பழுதாகும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும்தான், அம்மா. பழைய ஏ.சி.யின் கம்ப்ரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் பாகம்) முழு வேகத்தில் ஓடி, அறை குளிர்ந்ததும் நின்று, மறுபடி கிளம்பும். இன்வெர்ட்டரில் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க 24 டிகிரியில் போட்டால் மிச்சம் தெரியும். அரை மணி நேரம் போட்டு அணைப்பவர்களுக்குப் பெரிய லாபமில்லை.

மாமியார் பயப்படுவது கம்ப்ரசர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டை நினைத்து என்றால், நியாயம்தான். லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரண்ட் திரும்பிய நொடியில் என் வீட்டு போர்டு போய்விட்டது. இரண்டு வாரம் மின்விசிறிதான் கதி! அதன் பிறகுதான் எலக்ட்ரீஷியனை அழைத்து திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வைத்தேன். நீங்கள் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், நம் ஊர்க் கடல்காற்று. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளை உப்பு அரித்துவிடும். துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அவ்வப்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.