ஸ்பொஞ்சைக் கழுவிய பின் கலங்கிய தொட்டி நீர்

கல்லடிச் சகோதரருக்கு, பில்டர் ஸ்பொஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கழுவிய மூன்றாம் நாள் நீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பொஞ்சில் வழுவழுப்பாக ஒட்டியிருந்த பழுப்புப் படலம் வெறும் அழுக்கன்று. மீன்கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அதில்தான் குடியிருந்தன, குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொன்றிருக்க வேண்டும், அதனால் அமோனியா நீரிலேயே தேங்கியிருக்கும்.

இரண்டு நாள் தீனி போடாதீர்கள். காற்றுப் பம்பை இரவும் ஓடவிட்டு, அகன்ற வாளியில் 24 மணிநேரம் திறந்துவைத்த நீரால் நாள்தோறும் கால்பங்கு மாற்றுங்கள். அவசரப்பட்டுக் கிணற்று நீருக்கு மாறவேண்டாம். அதனால் தொட்டி நீரின் காரத்தன்மை கூடினால் அமோனியாவின் நச்சும் கூடும். பற்றீரியாக்கள் மீண்டும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகலாம். இனி ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து அள்ளிய நீரிலேயே மெதுவாகப் பிழியுங்கள்.